இன்டர்நேஷனல் பிசினஸ் மேற்படிப்பு: பெர்லின் தனியாரா, பிரிட்டனா, ஜெர்மன் அரசுக் கல்லூரியா?

கேள்வி இது. திருப்பூரில் சிறிய அளவில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவரின் மகள் கோவையில் பி.காம் இன்டர்நேஷனல் பிசினஸ் முடித்திருக்கிறார். மூன்றாண்டுப் படிப்பு, 72 விழுக்காடு. மேற்படிப்பும் அதே துறையில்தான் வேண்டும் என்கிறார். பெர்லினில் ஒரு தனியார் பிசினஸ் ஸ்கூலும் (இரண்டாண்டு, மொத்தக் கட்டணம் 15,000 யூரோ), லண்டனுக்கு வெளியே ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகமும் (ஓராண்டு, 17,000 பவுண்டு) அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டன. ஜெர்மனியின் அரசுக் கல்லூரிகளுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. "மூணு வருஷ பி.காமுக்கு அங்கே கிடைக்காது" என்று கன்சல்டன்சியில் சொல்லிவிட்டார்களாம். எதில் சேர்ப்பது?

ஐயா, கையில் இருக்கும் இரண்டு கடிதங்களை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பெர்லின் தனியாரை நான் கடைசியில்தான் வைப்பேன். மகள் ஜெர்மன் மொழியை மனதார ஒப்புக்கொண்டு படிப்பார் என்றால் அரசுக் கல்லூரிதான் சரி, அதற்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். படித்து முடித்து நேராக உங்கள் கம்பெனிக்குத்தான் வரப்போகிறார் என்றால் பிரிட்டன் ஓராண்டு, அல்லது இந்தியாவிலேயே ஐஐஎஃப்டி (இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஃபாரின் டிரேட்). ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

"கிடைக்காது" என்பதிலிருந்து தொடங்குகிறேன். தனியார் நிறுவனங்கள் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் கன்சல்டன்சிக்குக் கமிஷன் கொடுப்பது வழக்கம். ஜெர்மன் அரசுக் கல்லூரிகளில் அப்படி ஒன்றும் வராது. அதனால் அந்தப் பக்கம் தள்ளிவிட அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. கிடைக்குமா கிடைக்காதா என்பதை வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு கணக்குகள்தான்: மதிப்பெண் ஒன்று, கிரெடிட் ஒன்று.

மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்ற 'திருத்திய பவேரியச் சூத்திரம்' என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 வெறும் தேர்ச்சி. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நம் மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். மகளுக்கு 72, நம் கல்லூரிகளில் தேர்ச்சி 40. ஆக 28-ஐ 60-ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1.4; ஒன்றைக் கூட்டினால் 2.4. அரசுக் கல்லூரிகளின் முதுகலைப் படிப்புகளில் பல 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்கின்றன. உங்கள் மகள் அதற்குள் வருகிறார்.

இங்கே ஒரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். தேர்ச்சி மதிப்பெண் 40 என்பது மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருக்க வேண்டும், அல்லது கல்லூரியிடமிருந்து முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் 50 என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது அதே 72 மதிப்பெண் 2.68 ஆகிவிடும், 2.5 வரம்பில் கதவு மூடிவிடும். ஒரு கடிதத்தில் தீரும் விஷயத்துக்கு ஒரு வருடம் போய்விடக் கூடாது. கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்தது கிரெடிட். "மூன்று வருடப் படிப்பு செல்லாது" என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்பியது. ஐரோப்பாவின் பொதுக் கிரெடிட் அளவுக்கு ஈசிடிஎஸ் என்று பெயர். ஓராண்டுப் படிப்பு 60 ஈசிடிஎஸ் கிரெடிட். மூன்றாண்டு இளங்கலை 180. ஜெர்மனியில் ஹோக்ஷூலே என்று சொல்லப்படும் செயல்முறைக் கல்லூரிகளில் இளங்கலை பெரும்பாலும் ஏழு செமஸ்டர், அதாவது 210. முதுகலையும் சேர்ந்து 300 வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 210-ஓடு வருபவருக்கு மூன்று செமஸ்டர் முதுகலை, 90 கிரெடிட். 180-ஓடு வருபவருக்கு நான்கு செமஸ்டர் முதுகலை, 120 கிரெடிட். ஆக, உங்கள் மகள் தேட வேண்டியது நான்கு செமஸ்டர் படிப்பு. மூன்று செமஸ்டர் படிப்பிலும் சில கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளும். குறையும் 30 கிரெடிட்டைக் கூடுதல் பாடமாகவோ கம்பெனிப் பயிற்சியாகவோ ஈடுகட்டச் சொல்லும். சில கல்லூரிகள் 210 இல்லாமல் எடுக்கவே எடுக்காது. இதெல்லாம் ஒவ்வொரு படிப்பின் சேர்க்கை விதியிலும் எழுதியிருக்கும். படிக்காமல் விண்ணப்பித்துவிட்டு நிராகரிப்பு வந்ததும் "பி.காமுக்குக் கிடைக்காது" என்று பேசுவதுதான் நம் ஊரில் நடக்கிறது.

மொத்த கிரெடிட் போதும் என்றாலும் பாடவாரிக் கணக்கு ஒன்று இருக்கிறது. "வணிக நிர்வாகத்தில் இத்தனை கிரெடிட், பொருளியலில் இத்தனை, புள்ளியியலில் இத்தனை" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் கலை அறிவியல் இளங்கலைக்கு 140 கிரெடிட் என்பது பரவலான அளவு. 180-ஐ 140-ஆல் வகுத்தால் நம் ஒரு கிரெடிட் ஏறத்தாழ 1.29 ஈசிடிஎஸ். நான்கு கிரெடிட் தாள் ஒன்று ஐந்து ஈசிடிஎஸ் ஆகும். புள்ளியியலிலும் கணிதத்திலும் பத்து வேண்டும் என்று ஒரு கல்லூரி கேட்டால், மகள் எழுதிய பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஒரு தாள் போதாது. பிசினஸ் மேத்தமேடிக்ஸ் தனித்தாளாக இருந்தால் சரியாகிவிடும். முதல் ஓரிரு ஆண்டில் படித்த பகுதி 1 தமிழும் பகுதி 2 ஆங்கிலமும் மொத்த 180-இல் சேரும், ஆனால் வணிகக் கணக்கில் சேராது. ஒரு தாளில் எல்லாத் தாள்களையும் எழுதி, பக்கத்தில் கிரெடிட்டைப் போட்டு, 1.29-ஆல் பெருக்கி, துறைவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு மாலை வேலை. கூடவே கல்லூரியின் சிலபஸ் புத்தகத்தைப் பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸிம் டாக்குமென்டேஷன், ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் போன்ற தாள்களில் என்ன கற்பித்தார்கள் என்று கேட்கும்போது காட்ட வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகமா ஹோக்ஷூலேயா என்று குழம்ப வேண்டாம். ஜெர்மனியில் இன்டர்நேஷனல் பிசினஸ் என்ற பெயரோடு நடக்கும் படிப்புகளில் பெரும்பகுதி ஹோக்ஷூலேக்களில்தான். ராய்ட்லிங்கன் (அங்குள்ள இஎஸ்பி பிசினஸ் ஸ்கூல்), ஃபோர்ட்ஸ்ஹைம், பெர்லினின் எச்டபிள்யூஆர் எல்லாம் அரசு ஹோக்ஷூலேக்கள். அங்கே பேராசிரியர் ஆவதற்கு முனைவர் பட்டத்தோடு குறைந்தது ஐந்தாண்டு தொழில் அனுபவமும் வேண்டும், அதில் மூன்றாண்டு கல்லூரிக்கு வெளியே. ஏற்றுமதி நிதியை வங்கியில் பார்த்தவர் அதையே பாடமாக எடுப்பார். மான்ஹைம் போன்ற ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் பெரிய பெயர் உள்ளவை. அங்கே போட்டியும் கணிதப் பளுவும் அதிகம், 2.4 மதிப்பெண்ணோடு அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். உலகத் தரவரிசைப் பட்டியலில் ஹோக்ஷூலே பெயர் இல்லையே என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்தப் பட்டியல்கள் ஆய்வுக் கட்டுரைக்கும் கல்வியாளர்களிடையே உள்ள பெயருக்கும் மதிப்பெண் போடுபவை. ஆய்வைவிடக் கற்பித்தலை முதன்மையாக வைத்த கல்லூரி அதில் வராததில் வியப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. அரசுக் கல்லூரி நடத்தும் எல்லா முதுகலையும் இலவசம் இல்லை. இளங்கலையின் தொடர்ச்சியாக வரும் முதுகலை வேறு, வேலை பார்த்தவர்களுக்கான 'வைட்டர்பில்டுங்' முதுகலை வேறு. பின்னது அரசு வளாகத்திலேயே நடந்தாலும் ஆயிரக்கணக்கில் கட்டணம் இருக்கும், குறைந்தது ஓராண்டு வேலை அனுபவமும் கேட்கும். பெயரில் 'எம்பிஏ' என்று இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். மகளுக்கு அனுபவம் இல்லை, அவருக்கு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. தான் பொருந்தும்.

இனிப் பணம். கணக்குக்கு வசதியாக யூரோ 100 ரூபாய், பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். பணம் அனுப்பும் நாளின் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஜெர்மன் விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ போட வேண்டும், மாதம் 992 வீதம் வெளியே வரும். இரண்டாண்டுக்கு 23,808. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம், 2017 முதல் இருக்கிறது. நான்கு செமஸ்டருக்கு 6,000. செமஸ்டர் பங்களிப்பு இருநூறு வீதம் 800. மொத்தம் 30,600 யூரோ, முப்பது லட்சத்துச் சொச்சம். கட்டணம் வாங்காத மாநிலம் என்றால் அந்த 6,000 கழிந்து 24,600. பெரும்பாலான மாநிலங்களில் அரசுக் கல்லூரிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பவேரியாவின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்போல் சில இடங்கள் தனியாகக் கட்டணம் தொடங்கியிருக்கின்றன. கல்லூரிவாரியாகப் பார்க்க வேண்டும்.

பெர்லின் தனியாரில் 15,000 கட்டணமும் அதே 23,808-உம் சேர்ந்தால் 38,800 யூரோ. பிரிட்டனில் 17,000 பவுண்டு கட்டணம், சுகாதாரக் கட்டணமும் விசாக் கட்டணமும் சேர்ந்து 1,700 அளவில், லண்டனுக்கு வெளியே அரசு சொல்லும் மாதச் செலவு 1,171 பவுண்டு, பன்னிரண்டு மாதத்துக்கு 14,000. மொத்தம் 32,750 பவுண்டு, அதாவது 39 லட்சம். பெர்லின் தனியாரும் பிரிட்டனும் பணத்தில் ஏறத்தாழ ஒன்று. அரசுக் கல்லூரி எட்டிலிருந்து பதினான்கு லட்சம் குறைவு. பிரிட்டனில் ஒரு வருடம் மிச்சமாகிறது என்பதை மறக்கக் கூடாது, அந்த வருடத்துக்கு விலை உண்டு.

992 யூரோ போதுமா என்று கேட்பீர்கள். சிறு நகரத்தில், மாணவர் விடுதியில் இடம் கிடைத்தால் போதும். அதில் மருத்துவக் காப்பீடு மட்டும் மாதம் 140 யூரோவைத் தாண்டுகிறது. ஸ்டுடீரென்டென்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதி அறை 300 யூரோவை ஒட்டி இருக்கும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே விடுதிக்கு எழுதிப் போட வேண்டும், வரிசை நீளம். பெர்லினிலும் ஸ்டுட்கார்ட்டிலும் வெளியே அறை எடுத்தால் 992-க்குள் அடங்காது. பகுதிநேர வேலை ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வரை செய்யலாம். 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ, மினிஜாப் எனப்படும் சிறு வேலைக்கான வருமான வரம்பு மாதம் 603 யூரோ. இந்த வருமானத்தை நம்பிக் கடன் கணக்கு போடாதீர்கள். முதல் செமஸ்டரில் மொழியும் தெரியாமல், தேர்வு முறையும் புரியாமல் இருக்கும்போது வேலை கிடைத்தால் அது போனஸ் என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டுக்குத் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் பணம் காட்ட வேண்டும். அதற்கான பணம் தனியாக இருக்கட்டும்.

பெர்லின் தனியாரைக் கடைசியில் வைத்ததற்குக் கட்டணம் மட்டும் காரணமில்லை. தனியார் எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். அரசு ஏற்பு பெற்று நன்றாக நடப்பவையும் உண்டு. நீங்கள் செய்ய வேண்டிய சோதனை இது: ஜெர்மன் உயர்கல்வி நிறுவனத் தலைவர்கள் மாநாடு நடத்தும் 'ஹோக்ஷூல்கோம்பாஸ்' தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். அரசு நிறுவனமும் அரசு ஏற்ற நிறுவனமும் அதில் இருக்கும். பெயரே இல்லை என்றால், அந்த பிசினஸ் ஸ்கூல் தானே பட்டம் தருவதில்லை, வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை பெர்லினில் வைத்துக் கொடுக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அனுமதிக் கடிதத்தின் அடியில் 'பட்டம் வழங்குவது' என்ற வரியைப் பாருங்கள். படித்தபின் வேலை தேட 18 மாதம், வேலை கிடைத்து இரண்டாண்டு ஆனதும் நிரந்தரக் குடியிருப்பு என்பதெல்லாம் ஜெர்மனியின் அரசு அல்லது அரசு ஏற்ற நிறுவனத்தில் பட்டம் முடித்தவர்களை மனதில் வைத்து எழுதிய விதிகள். வேறு நாட்டுப் பட்டத்தோடு நின்றால் அந்த வழி தானாகத் திறக்காது. வகுப்புகள் நேரில் எத்தனை நாள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பகுதி ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு மாணவர் விசா கொடுக்க அதிகாரிகள் தயங்குவார்கள். அரசு ஏற்பு இருக்கிறது, வகுப்பும் நேரில்தான் என்றால்கூட, 2.4 மதிப்பெண்ணோடு அரசுக் கல்லூரி வாய்ப்புள்ள ஒருவர் 15,000 யூரோ கட்டணம் கொடுத்துக் கூடுதலாக என்ன பெறுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது படிப்பின் உள்ளடக்கம். 'இன்டர்நேஷனல் பிசினஸ்' என்ற பெயருக்குள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஓரிடத்தில் அது பன்னாட்டு மார்க்கெட்டிங்கும் பண்பாட்டு வேறுபாடும். இன்னோரிடத்தில் வர்த்தக நிதி, சுங்கம், விநியோகச் சங்கிலி. விளம்பரப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு 'மோடுல்ஹண்ட்புக்' என்ற பாடக் கையேட்டைத் தேடி எடுங்கள். அரசுக் கல்லூரிகள் அதை இணையத்தில் வைத்திருக்கும். வைக்காத நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

கையேட்டில் ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம் இருக்கும். எடுத்துக்காட்டாக ஐந்து கிரெடிட் பாடம் என்றால் 150 மணி நேர வேலை என்று போட்டிருப்பார்கள். அதில் வகுப்பு 45 முதல் 60 மணி, மீதி தானே படிப்பது. நம் கல்லூரியில் வகுப்பில் உட்கார்ந்தால் பாதி படிப்பு முடிந்தது என்ற பழக்கத்தோடு போகிறவர்கள் முதல் செமஸ்டரில் தடுமாறுவது இங்கேதான். தேர்வு வடிவம் என்ற வரியில் எழுத்துத் தேர்வா, கட்டுரையா, குழுத் திட்டமா என்று இருக்கும். இன்டர்னல் மார்க் நம்மைக் காப்பாற்றும் முறை அங்கே அரிது. பல பாடங்களில் கடைசித் தேர்வே முழு மதிப்பெண். 'குளிர்கால செமஸ்டரில் மட்டும்' என்று ஒரு பாடத்துக்குப் போட்டிருந்தால், அதில் தவறினால் ஒரு வருடம் நீளக்கூடும். இன்னொரு விதியை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: ஒரு தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு, பொதுவாக மூன்று. மூன்றாவதிலும் போனால் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியின் வேறு கல்லூரியிலும் தொடர முடியாது. நம் ஊர் அரியர் கணக்கு அங்கே செல்லாது.

உங்கள் தொழிலை நினைத்து நான் தேடிப் பார்க்கும் பாடங்கள் இவை: இன்கோடெர்ம்ஸ் 2020 (விற்பவர், வாங்குபவர் பொறுப்பைப் பிரிக்கும் வர்த்தகச் சொற்கள்), லெட்டர் ஆஃப் கிரெடிட் (அதற்கான பன்னாட்டு விதிகளான யூசிபி 600-ஓடு), செலாவணி அபாயக் காப்பு, பொருளின் பிறப்பிட விதிகள், ஐரோப்பிய விநியோகச் சங்கிலிச் சட்டங்கள். கடைசி இரண்டையும் பி.காமில் மேலோட்டமாகத்தான் தொட்டிருப்பார்கள். இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. அதில் வரிச் சலுகை வேண்டுமானால் துணி எங்கே நெய்தது, நூல் எங்கிருந்து வந்தது என்று ஆவணத்தோடு காட்டத் தெரிய வேண்டும். ஜெர்மனியில் 2023 முதல் நடப்பில் இருக்கும் விநியோகச் சங்கிலிச் சட்டத்தால், அங்குள்ள பெரிய வாங்குநர்கள் திருப்பூர் சாயப்பட்டறை வரைக்கும் கேள்வி கேட்கிறார்கள். இதை வாங்குநர் பக்கத்திலிருந்து படித்துவிட்டு வரும் ஒருவர் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்குத் தங்கம். இந்தப் பாடங்கள் எதுவுமே இல்லாமல் தலைமைப் பண்பும் ஸ்ட்ராட்டஜியும் மட்டும் நிறைந்த கையேடு என்றால், பட்டத்தின் பெயர் என்னவாக இருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம்.

மொழி பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாந்து திரும்புகிறார்கள். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கலாம், வேலை அப்படி இருக்காது. கணினித் துறையில் ஆங்கிலத்தோடு தப்பிக்கலாம். ஏற்றுமதிப் பிரிவு, சுங்க ஆவணம், விற்பனை என்பதெல்லாம் ஃபோனில் பேசி, மெயில் எழுதி நடக்கும் வேலை. இன்று மாலை மகளை ஸ்டெப்ஸ்டோன் என்ற வேலை விளம்பரத் தளத்தில் 'எக்ஸ்போர்ட்' என்று போட்டு, அந்தக் கல்லூரி இருக்கும் ஊரிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வரும் முதல் இருபது விளம்பரங்களைப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனையில் சரளமான ஜெர்மன் கேட்கிறார்கள் என்று எண்ணட்டும். எந்தத் தரவரிசையும் சொல்லாததை அந்தப் பட்டியல் சொல்லும். மொழித் தேர்ச்சியை ஏ1-இலிருந்து சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள். புறப்படும்போது குறைந்தது ஏ2, முதல் வருட முடிவில் பி1, கம்பெனிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது பி2-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனில் வகுப்பு உண்டு, அவர்களே ஆன்லைனிலும் நடத்துகிறார்கள். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களை இதற்குப் பயன்படுத்துவதைவிட நல்ல செலவு இல்லை.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில் 'பெர்லின்' என்ற பெயரில் மயங்க வேண்டாம். ஏற்றுமதி வேலை இருக்கும் இடங்கள் வேறு: துறைமுகமும் சரக்கும் என்றால் ஹாம்பர்க், பிரேமன், எந்திரமும் உதிரிபாகமும் என்றால் பாடன்-வூர்ட்டெம்பெர்க். திருப்பூரில் பின்னல் எந்திரங்களில் ஓடும் குரோட்ஸ்-பெக்கர்ட் ஊசி அந்த மாநிலத்தின் ஆல்ப்ஸ்டாட் என்ற சிறு ஊரிலிருந்து வருவது உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்படிச் சிறு ஊரில் உட்கார்ந்து உலகம் முழுக்க விற்கும் நடுத்தரக் கம்பெனிகள் அங்கே நிறைய. பின்னல் எந்திரம் தெரிந்த குடும்பத்திலிருந்து வரும், ஜெர்மன் பேசும் மாணவி அவர்களுக்கு அபூர்வம். அதே சமயம், அந்த வட்டாரத்தின் வாகன, எந்திரத் துறைகளில் அண்மையில் ஆட்குறைப்பு நடந்துவருகிறது. படிப்பில் கட்டாயப் பயிற்சி செமஸ்டர் இருக்கிறதா, ஆய்வேட்டைக் கம்பெனியோடு சேர்ந்து எழுதலாமா என்று பாருங்கள். உள்ளே நுழையும் வழி பெரும்பாலும் அதுதான். வேலை கிடைத்தால், புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கு 2025-இல் நீல அட்டைக்கான (பட்டதாரிகளுக்கான வேலை, குடியிருப்பு அனுமதி) ஆண்டுச் சம்பள வரம்பு 43,759.80 யூரோ; ஆண்டுதோறும் கூடும்.

பிரிட்டனைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மொழிப் பிரச்சினை இல்லை, ஓராண்டில் முடிகிறது, விசா முடிவும் பொதுவாக விரைவு. அங்கேயே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் கணக்கு இறுகிவிட்டது. படித்தபின் தங்கும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டாண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேர்பவருக்கு 18 மாதம்தான். அதற்குள் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையிலிருந்து 41,700 பவுண்டு, புதிதாக வருபவர்களுக்கு 33,400. அனுபவமில்லாத ஒருவருக்கு இந்தச் சம்பளமும் கொடுத்து ஸ்பான்சரும் செய்யும் ஏற்றுமதி நிறுவனம் கிடைப்பது கடினம். திரும்பி வரும் எண்ணம் உறுதி என்றால் இந்தக் கவலை இல்லை. அப்போது பிரிட்டன் நல்ல தேர்வுதான்.

திரும்பி வருவதுதான் திட்டம் என்றால் ஐஐஎஃப்டியையும் ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள். 1963-இல் தொடங்கியது, மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருப்பது. டெல்லி, கொல்கத்தா, காக்கிநாடா வளாகங்கள். எம்பிஏ இன்டர்நேஷனல் பிசினஸுக்கு இப்போது கேட் (CAT) தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. இந்திய ஏற்றுமதிக் கொள்கை, டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) நடைமுறை, இந்திய வங்கிகளின் ஏற்றுமதிக் கடன் பற்றியெல்லாம் வெளிநாட்டுக் கல்லூரியில் ஒரு வரிகூடச் சொல்லமாட்டார்கள். கேட் எழுத ஒரு வருடம் தயாராக வேண்டும், நல்ல பெர்சென்டைல் வேண்டும் என்பதுதான் தடை.

ஜெர்மன் அரசுக் கல்லூரிக்கு முயல்வதானால் முதல் வேலை ஏபிஎஸ் சான்றிதழ். இந்தியச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் இது 2022 நவம்பர் முதல் விசாவுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். சில வாரங்கள் ஆகும், கூட்டம் அதிகமான மாதங்களில் இன்னும் தள்ளும். கல்லூரி விண்ணப்பங்களில் பல, வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்ற பொது அமைப்பு வழியாகப் போகும்: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தது ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்கால செமஸ்டருக்குக் கடைசி நாள் பொதுவாக ஜூலை 15 என்று சொல்வார்கள். ஆங்கிலவழி முதுகலைகளில் பல அதைவிட முன்னதாகவே மூடிவிடும். ஜூலையில் விண்ணப்பித்து ஆகஸ்டில் கடிதம் வந்தால் அக்டோபருக்குள் விசா எடுப்பதும் கஷ்டம். ஐந்தாறு கல்லூரிகளுக்குப் போடுங்கள்: 2.5 வரம்புள்ள மூன்று, வரம்பு தளர்வாக உள்ள இரண்டு, கொஞ்சம் எட்டாததாகத் தோன்றும் ஒன்று. விசா நேர்காணலுக்கு 'ஏன் இந்தப் படிப்பு' என்ற கடிதத்தைக் கன்சல்டன்சியின் அச்சு வாசகத்தில் எழுத வேண்டாம். குடும்பத் தொழிலையும் கையேட்டிலிருந்து இரண்டு மூன்று பாடங்களையும் இணைத்து மகள் தன் சொற்களில் எழுதட்டும். 2025 ஜூலை முதல் ஜெர்மன் தூதரகங்களில் மறுபரிசீலனை மனு என்ற வழி இல்லை. மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்லின் நீதிமன்றம்தான்.

கையில் இருக்கும் இரண்டு கடிதங்களிலும் முன்பணம் கட்டக் கடைசி நாள் ஒன்று இருக்கும். அதற்குமுன் இரு இடத்துக்கும் மெயில் எழுதிக் கால நீட்டிப்பு கேளுங்கள். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கொடுக்கும். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், விசா மறுத்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளுக்குள் மறுப்புக் கடிதம் அனுப்ப வேண்டும், நாமாக விலகினால் எவ்வளவு போகும் என்ற மூன்றையும் பல்கலைக்கழகத்தின் மெயில் முகவரியிலிருந்தே எழுத்தில் வாங்குங்கள். கன்சல்டன்சிக்காரர் வாயால் சொல்வதோ வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ கணக்கில் வராது.